ஒன்பதுக்கு மேல் போகாத மலை

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். எனக்கு ஒன்றும் குறையில்லை, உன் மாமாவுக்குத்தான் பத்து நாளாகச் சளி. உன் முட்டி வலி தேவலையா? உன் மகள் வாலு பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போகிறாளா, இல்லை பள்ளிக்கூடம் அவளைத் தேடி வீட்டுக்கு வருகிறதா?

இது பாதி ஆபீஸ் கடிதம். உங்கள் சரிவில் கல் விழுந்த பதிவேடுகள் எல்லாம் தலைமை அலுவலகத்துக்கு வந்து, கடைசியில் என் மேசைக்கே வந்துவிட்டன. எட்டு வருஷம், பதினோரு தடிப் புத்தகம், முழுக்க மேஸ்திரி ஐயாவான உன் கையெழுத்து. உங்கள் குடியிருப்புக்கு மேலே இரும்பு வலை கட்டப்போகிறார்களே, அது எவ்வளவு பெரிய கல்லைத் தாங்க வேண்டும் என்று கணித்துச் சொல்வது என் வேலை.

பதிவேட்டைப் பார்த்தேன். ஒரு சந்தேகம். கல் விழுவதற்கு சராசரி பார்த்துப் பிரயோஜனமில்லை. ஒரு ஆபீஸில் பத்து நிமிஷம் காக்க வைத்தவர் இன்னும் பத்து நிமிஷத்தில் கூப்பிட்டுவிடுவார். இரண்டு மணி நேரம் காக்க வைத்தவரோ இன்னும் இரண்டு மணி நேரம் காக்க வைப்பார். கல்லும் அப்படித்தான். ஐந்து கன மீட்டரைத் தாண்டிய கல் சும்மா ஐந்தரையில் நிற்பதில்லை, பத்துக்கும் இருபதுக்கும் போகும். நான் பார்த்த மலைகள் எல்லாம் அப்படி. உங்கள் மலை மட்டும் ஒன்பது வரை ஏறி, கோடு கிழித்த மாதிரி நின்றுவிடுகிறது. ஆயிரத்து நூற்று நாற்பது வரியில் ஒன்பதுக்கு மேல் ஒன்றுகூட இல்லை. சரியாக ஒன்பது என்று மட்டும் அறுபத்தைந்து தடவை. இவ்வளவு ஒழுக்கத்தை அந்த மலைக்கு யார் கற்றுக்கொடுத்தது? நீங்கள் கண்ணாலேயே அளந்து ‘ஒன்பது இருக்கும்’ என்று போட்டுவிடுகிறீர்களோ?

சீக்கிரம் பதில் போடு.

அன்புடன்
அக்கா

பிப்ரவரி 19

படித்த அக்காவுக்குப் படிக்காத தம்பி எழுதுவது.

முட்டி இருக்கிறது, வலியும் இருக்கிறது, இரண்டும் ஒற்றுமையாக இருக்கின்றன. மாமாவைக் கொஞ்சம் வெந்நீர் குடிக்கச் சொல். வாலு வகுப்பில் பேசியதற்காக வெளியே நிற்க வைத்தார்களாம். வெளியே வாட்ச்மேனிடம் பேசிக்கொண்டிருந்தாளாம்.

போன் செய்யலாம் என்றால் இங்கே சிக்னலுக்குத் தண்ணீர்த் தொட்டி மேல் ஏற வேண்டும். என் முட்டிக்கு அது ஆகாது. அதனால் கடிதம்.

நீ சொன்னதுதான், கண் அளவுதான். மழையில் நனைந்துகொண்டு டேப் பிடித்து அளக்க முடியுமா? ஏறக்குறைய இருக்கும். நம்ம மலை நல்ல மலை, அக்கா. ரொம்ப யோசிக்காதே. மழைக்கு முன்னால் வலை வந்துவிட்டால் நல்லது. சாலைக்குக் கீழே மொத்தம் எட்டு வீடு, சரிவுக்குப் பக்கத்தில் முதல் வீடு எங்களுடையது. நீ கையெழுத்துப் போட்டால்தான் வேலை நகரும் என்று இன்ஜினியர் சொன்னார்.

பாசத்துடன்
தம்பி

மார்ச் 5

அன்புள்ள தம்பிக்கு,

சளி உன் மாமாவை விட்டு எனக்கு வந்துவிட்டது. வேறு விசேஷமில்லை. வாலுவுக்கு ஒரு பெட்டி கலர் பென்சில் அனுப்பியிருக்கிறேன். வாய் மூடியிருக்கும் நேரத்தில் வரையட்டும்.

உன் பதில் பார்த்தபின் வேலையை முடித்தேன். ஒரு விஷயம் கவனித்தேன். ஒன்பதுகள் எல்லாம் சேர்ந்து சேர்ந்து வருகின்றன. நான்கு வருஷத்துக்கு முன் ஒரு செப்டம்பரில் இருபத்தொரு நாள் தொடர்ந்து தினம் ஒரு ஒன்பது. சரிவு ஒருமுறை இளகினால் அடுத்தடுத்த நாள்களிலும் உதிரும் போலிருக்கிறது. ஒரே ஜலதோஷத்தில் பத்துத் தடவை தும்மினால் அதைப் பத்து ஜலதோஷமாக எண்ணக்கூடாது அல்லவா? எங்கள் முறையில், அப்படித் தொடர்ந்து வருவதை ஒரே சம்பவமாக எடுத்துக்கொண்டு, அதில் பெரியதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிடுவோம். அந்த இருபத்தொரு ஒன்பதையும் ஒரே ஒன்பதாக ஆக்கினேன். மற்ற கூட்டங்களையும் அப்படியே.

அதன்பின் சோதனை எல்லாம் சுத்தமாக வந்தது. பன்னிரண்டு கன மீட்டரைத் தாங்கும் வலை போதும். கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன் வீட்டுக்கு மேலே என் கையெழுத்து நிற்கப்போகிறது. கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது.

உன் வீட்டுக்காரியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்
அக்கா

ஏப்ரல் 22

அக்காவுக்கு,

எல்லோரும் சௌக்கியம். பதில் போட ஒன்றரை மாதம் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. வேலை அதிகம். வலைக்குத் தூண் நட ஆள் வந்துவிட்டார்கள். எனக்கு சூப்பர்வைசர் வேலை கிடைக்கும் என்று பேசிக்கொள்கிறார்கள். கலர் பென்சிலில் வாலு கதவு முழுக்க வரைந்துவிட்டாள்.

ஒன்று கேட்கிறேன். வலை பன்னிரண்டு தாங்கும் என்றால், அதற்கு மேல் வந்தால் என்ன ஆகும்? கொஞ்சம் வேகத்தைக் குறைக்குமா, இல்லை வலையே இல்லாத மாதிரிதானா? சும்மாதான் கேட்கிறேன். தூண் நடுகிறவன் ஒரு விதமாகச் சொன்னான்.

தம்பி

ஏப்ரல் 30

தம்பி,

உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நீ சும்மா ஒரு கேள்வி கேட்கிறவன் இல்லை. சின்ன வயதில் ‘பால் பாத்திரம் விழுந்தா உடையுமா’ என்று நீ கேட்டால் அது ஏற்கனவே உடைந்திருக்கும்.

உன் கேள்விக்குப் பதில்: பெரிய கல் வந்தால் வலை கிழியும், தூணும் சேர்ந்து கீழே வரும். வலை இல்லாததைவிட மோசம்.

முந்தாநாள் எங்கள் ஆபீஸ் வாசலில் சாக்கடைக்குத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மண் அள்ளும் லாரி ஒன்று வழியை மறித்து நின்றது. அதன் பக்கவாட்டில் பெரிதாக எழுதியிருந்தது: கொள்ளளவு 9 கன மீட்டர். நான் குடையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். ஏதோ இன்ஸ்பெக்டர் என்று நினைத்து டிரைவர் காகிதங்களை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். அந்தப் பதிவேட்டில் நீ எழுதியது கல்லையா, லாரியையா?

உன் முட்டியைப் பார்த்துக்கொள். உடனே பதில் எழுது.

அக்கா

மே 14

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நீங்களும் அண்ணனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இவர் உங்கள் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறார். நாலு தடவை எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டார். அதனால் நான் எழுதுகிறேன். கோர்வையாக எழுத வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பத்து கன மீட்டருக்கு மேல் கல் விழுந்தால் சாலையை மூட வேண்டும், தலைமை அலுவலகத்து இன்ஜினியர் நேரில் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் திறக்க வேண்டும் என்பது விதி. அவர் வர மூன்று நாளும் ஆகும், ஐந்து நாளும் ஆகும். வாலு கருவி வைக்கிற கொட்டகையில் பிறந்தாள் என்று உங்களுக்குத் தெரியும். அவசரக்காரி, ஆஸ்பத்திரி வரை பொறுக்கவில்லை என்று எல்லோரிடமும் சிரித்துச் சொல்லியிருக்கிறோம். அப்படியில்லை, அண்ணி. கல் விழுந்து சாலை மூடி அன்றைக்கு நாலாவது நாள். எனக்கு ஒரு இரவும் ஒரு பகலும் வலி. பாறையில் துளை போடும் கம்ப்ரஸர்காரர் மனைவிதான் பிரசவம் பார்த்தாள். நான் பிழைத்தது பெரிது.

அதற்கப்புறம் இவர் ஒரு கல்லையும் பத்து என்று எழுதவில்லை. பெரிய கல் விழுந்தால் எல்லோருமாகத் துளை போட்டுப் பிளந்து, ஒரு வண்டி போக வழி செய்துவிடுவார்கள். மிச்சத்தை ஓரமாகத் தள்ளி, தினம் ஒரு லாரியாக அள்ளி, ஒரு லாரியை ஒரு கல் என்று எழுதுவார். சாலை எட்டு வருஷமாக மூடவே இல்லை. ஊரெல்லாம் இவரைத் தலையில் வைத்து ஆடுகிறது.

இப்போது வலையைப் பார்க்கிறபோதெல்லாம் இவர் முகம் செத்துப்போகிறது. நான் கேட்டதற்கு, ‘அக்காவே கையெழுத்து போட்டாச்சு, அவளுக்குத் தெரியாததா?’ என்றார். சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது.

உங்களிடம் சொல்லாமல் இருக்க எனக்கு முடியவில்லை.

இப்படிக்கு
உங்கள் தம்பி மனைவி

மே 19

அக்கா,

அவள் எழுதிவிட்டாள் என்று தெரியும். திட்டுவதாக இருந்தால் நேரில் வரும்போது திட்டு.

இத்துடன் அனுப்பியிருப்பது கம்ப்ரஸர்காரன் வைத்திருந்த துளைப் புத்தகம். எந்தக் கல்லுக்கு எத்தனை துளை போட்டான் என்று அவன் தினமும் எழுதுவான். துளையில் போட்டுக் கல்லைப் பிளக்கும் பொடிக்குக் கணக்குக் காட்ட வேண்டுமே. கன மீட்டருக்கு மூன்று துளை என்று வைத்துக்கொள். முழுக் கல்லின் அளவு வந்துவிடும். லாரியை வைத்துக் கணக்குப் போடாதே. உடைத்த கல் ஒன்றரை மடங்கு இடம் பிடிக்கும். உன் புத்தகத்தில் அது இருக்காது.

எட்டு வருஷத்தில் பத்துக்கு மேல் பதினான்கு கல். நீ ஒரு ஒன்பதாக ஆக்கினாயே, அந்த செப்டம்பர், அதுதான் பெரியது. ஏழு மீட்டர் நீளம், ஆறு அகலம், மூன்று உயரம். முந்நூற்று எழுபத்தெட்டு துளை. சாலையிலேயே நின்றுவிட்டது, ஆனால் ஒரு முனை விளிம்பைத் தாண்டி எங்கள் கூரைக்கு நேர் மேலே நீட்டிக்கொண்டிருந்தது. நான் கூரையைப் பார்க்கவில்லை. மறுபக்கம் நின்ற பஸ்ஸைத்தான் பார்த்தேன்.

வலைக்கு எட்டுத் தூண் நட்டாகிவிட்டது. ஜூலையில் மழை.

தம்பி

ஜூலை 3

அன்புள்ள தம்பிக்கு,

ஆறு வாரம் உன்னைக் காக்க வைத்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை.

முதலில் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன். நீ ஒரு கல்லை இருபத்தொன்றாக உடைத்தாய். உடைத்தாலும் எல்லாத் துண்டையும் எழுதியிருந்தாய். கூட்டிப் பார்க்கிற புத்தி இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். நான்தான் இருபது துண்டைத் தும்மல் என்று தூக்கி எறிந்தேன். முறைப்படி செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன், மனசு கேட்கவில்லை.

துளைப் புத்தகத்தை வைத்து மறுபடி எல்லாம் செய்தேன். உங்கள் மலையும் மற்ற மலைகளைப் போலத்தான். பன்னிரண்டுக்கு மேல் எட்டு வருஷத்தில் பதினோரு கல் வந்திருக்கிறது. அதாவது அந்த வலை ஒரு வருஷம்கூடத் தாங்காது. அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன்.

மேலதிகாரி படித்துவிட்டு, அந்த செப்டம்பர்க் கல்லின் நூற்று இருபத்தாறு கன மீட்டர் என்பது விதிவிலக்கு, அதை எடுத்துவிட்டுப் பார் என்றார். அடுத்த பெரிய கல் ஐம்பத்தெட்டு. ஒன்று மற்றதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறதே, எங்கோ தவறு என்கிறார். அதையும் சோதித்தேன். இந்த மாதிரிக் கற்களில் மூத்தது இரண்டாவதைப் போல இரண்டு மடங்கைத் தாண்டுவது பத்துக்கு நான்கு தடவை நடக்கும். அது அந்நியன் இல்லை, அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். எடுத்துவிட்டாலும் வலை தாங்காது. சொன்னேன். துளைப் புத்தகம் யாருடையது, பதிவேடு ஏன் பொருந்தவில்லை என்று கேட்டார். கிடைத்தது என்றேன். அதற்குமேல் சொல்லவில்லை. குழு அக்டோபரில் கூடி முடிவு செய்யும் என்று கோப்பை மூடிவிட்டார்.

அதுவரை வாலுவையும் அவளையும் இங்கே அனுப்பி வை. அறை இருக்கிறது.

அன்புடன்
அக்கா

ஜூலை 20

அன்புள்ள அக்காவுக்கு,

கிடைத்தது என்றாயாம். தெருவிலா? என் பெயரைச் சொல்லாமல் காப்பாற்றப் பார்த்தாய் என்று படித்தவுடனே புரிந்தது. பெயர் இல்லாத புத்தகத்தை எவன் நம்புவான்? இரண்டு பேரை அனுப்பினால் மிச்சம் ஏழு வீட்டை எங்கே அனுப்புவது? அக்டோபர் வரை மழை அவர்கள் குழுவுக்காகக் காத்திருக்குமா?

பதினோராம் தேதி காலை ஒரு கல் வந்தது. சாலையில் நின்றது. டேப் பிடித்து அளந்தேன், பதினான்கு. பையன்கள் துளை போட மெஷினைக் கொண்டுவந்துவிட்டார்கள். வேண்டாம் என்றேன். பதிவேட்டில் ஒரே வரியில் பதினான்கு என்று எழுதி, இரண்டு பக்கமும் கயிறு கட்டி, ஆபீஸ் போனில் தகவல் சொன்னேன். இந்தப் பக்கம் பஸ், அந்தப் பக்கம் காய்கறி வண்டி. எல்லோரும் என்னைத் திட்டித் தீர்த்தார்கள். நடக்க முடியாதவர்களை நாங்களே கட்டிலில் வைத்துக் கல்லைச் சுற்றி அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டோம். எட்டு வருஷத்துக்கு முன்னால் இது யாருக்கும் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் தலைமை அலுவலகத்து இன்ஜினியர் வந்தார். பார்த்தார். அந்த விதியில் இன்னொன்று உண்டு. கடைசிக் கல் விழுந்து இருபத்துநான்கு மணி நேரம் ஆனபிறகுதான் அவர் கையெழுத்துப் போடலாம். அதுவரை இடத்தை விட்டுப் போகக்கூடாது. தங்க எங்கள் வீடுதான். மதியம் தட்டில் சோறு வைத்தோம், தகரக் கூரையில் டங் என்று ஒரு சின்னக் கல். கடிகாரம் மறுபடி முதலிலிருந்து. சாயங்காலம் காபி கொடுத்தோம், மறுபடி டங். வாலு பக்கத்தில் உட்கார்ந்து, ‘இது சின்னது அங்கிள், பெருசு வந்தா பாத்திரமெல்லாம் ஆடும்’ என்று தைரியம் சொன்னாள். மனிதர் மறுநாள் காலை காகிதம் கேட்டார். எட்டு வீட்டையும் உடனே காலி செய்ய வேண்டும் என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். குழுவாவது அக்டோபராவது.

அப்புறம் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, எட்டு வருஷமாக ஒன்பதைத் தாண்டாத மலை இந்த வருஷம் ஏன் தாண்டியது என்று கேட்டார்.

‘மலை தாண்டிட்டுதான் சார் இருந்தது. நான்தான் உடைச்சு எழுதினேன். அந்தத் துளைப் புத்தகத்தை உங்க ஆபீஸ்ல இருக்கிற என் அக்காவுக்கு அனுப்பினதும் நான்தான்’ என்றேன்.

அவர் ஒரு வெள்ளைக் காகிதத்தை என் பக்கம் தள்ளினார். ‘எழுதிக் கொடு’ என்றார். எழுதிக் கொடுத்தேன்.

பாசத்துடன்
தம்பி

ஆகஸ்ட் 2

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை ஆபீஸிலேயே படித்து, எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் யாருக்கு என்ன ஆயிற்று என்று பதறிவிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அதனால்தான் அழுகிறேன் என்றேன்.

நீ எழுதிக் கொடுத்தது மேலதிகாரியிடம் வந்துவிட்டது. இப்போது நூற்று இருபத்தாறை யாரும் விதிவிலக்கு என்பதில்லை. வலை வேலை நின்றது. நானும் மேஸ்திரி என் உடன்பிறந்தவன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். என்னைச் சாலையில் போகும் வண்டிகளை எண்ணும் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கேயும் நாற்காலி உண்டு.

உன்னை என்ன செய்தார்கள்? அதை மட்டும் நீ எழுதவில்லை.

அன்புடன்
அக்கா

நவம்பர் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். வாலு இங்கே புதுப் பள்ளிக்கூடத்தில் முதல் வாரமே மானிட்டர். மாமாவுக்கு இந்தக் குளிரில் மறுபடி சளி பிடித்திருக்கும், கேட்டதாகச் சொல்.

என்னை என்ன செய்தார்கள் என்று கேட்டிருந்தாய். மேஸ்திரி வேலை போய்விட்டது. சாதாரண ஆளாகக் கல் உடைக்கிறேன். கம்ப்ரஸர்காரன்தான் இப்போது மேஸ்திரி. பதிவேடு அவனிடம். கல் விழுந்தால் என்னைக் கூப்பிட்டு டேப்பின் மறுமுனையைப் பிடிக்கச் சொல்கிறான்.

எட்டுக் குடும்பமும் சந்தைக்குப் பின்னால் பழைய கிடங்கில், பலகை வைத்துத் தடுத்த அறைகளில் இருக்கிறோம். எட்டுக்கும் சேர்த்து ஒரு குழாய். மழை முடிந்துவிட்டது. பதினான்குக்குப் பிறகு பெரிதாக ஒன்றும் வரவில்லை. அந்தப் பதினான்கும் சாலையோடு நின்றது. பழைய வீடுகளில் ஒரு ஓடு, ஒரு தகரம் நகரவில்லை. ‘எங்கடா உன் கல்லு?’ என்று கம்ப்ரஸர்காரன் கேட்கிறான். அவன் மனைவி, என் வாலுவைக் கையில் வாங்கினவள், முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நல்ல வீட்டை விட்டு மூட்டைப் பூச்சியோடு படுக்க வைத்தேன் என்கிறார்கள். அக்கா சொன்ன கணக்கு என்று நான் சொல்வதில்லை. என் கணக்கு என்றே சொல்கிறேன்.

தினமும் வேலைக்குப் போகும் வழியில் நின்று அந்த எட்டுக் கூரையையும் பார்க்கிறேன். முழுசாக இருக்கின்றன. பார்த்ததும் நிம்மதி. கூடவே, காலி வீடுதானே, ஒன்றாவது வந்து விழக்கூடாதா என்றும் ஒரு நினைப்பு வருகிறது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் வருகிறது. விழுந்தால் என்னை நம்புவார்கள். இந்த வருஷம் விழவில்லை, அடுத்த வருஷமும் விழாமல் போகலாம் என்று நீயே சொல்வாய்.

காலையில் குழாயடியில் எல்லோரும் குடத்தோடு வரிசையில் நிற்கிறார்கள். நான் பல் விளக்கப் போனால் ஆளுக்கொன்றாக ஆரம்பிக்கிறார்கள். யார் என்ன சொல்கிறார்கள் என்று நான் கவனிப்பதில்லை, குரலை மட்டும் எண்ணுகிறேன். வாலு குரலையும் சேர்த்து எட்டு வீட்டுக் குரலும் இருக்கிறது. திட்டட்டும், அக்கா.

பாசத்துடன்
உன் தம்பி